ஏரியூர் ரத்தம்

என் மனைவிக்கு ரத்தம் கொடுக்க ஏரியூரிலிருந்து ஒரு பிக்கப் வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கியபோது, நான் ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்தும் இடத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். அவர்களைப் பார்த்ததும் எழுந்து நிற்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

முன்சீட்டிலிருந்து முதலில் இறங்கியவர் சென்னப்பன், என் மனைவி தீர்த்தம்மாளின் அண்ணன். எட்டு வருடமாக எங்கள் வாசலை மிதிக்காத மனிதர். வெள்ளைச் சட்டை, சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு என்று பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார்.

“ரத்தம் எடுக்கற எடம் எது மாப்ள? எல்லாரும் வெறும் வயித்துல வந்துருக்கறாங்க. சீக்கிரம் எடுத்துக்கச் சொல்லு. பசங்க வேலைக்குப் போவணும்.”

வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் கூடாது என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். ஒரு வீட்டில் பெரிய ஆபரேசன் என்றால் சொந்தக்கார ஊரிலிருந்து ஒரு வண்டி போகும். ஆஸ்பத்திரியில் கேட்பதற்கு முன்பே கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். போகாதவனை அடுத்த திருவிழாவில் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் மனைவிக்கு ரத்தம் ஏற்றக் கூடாது. நோய் அப்படி என்பதால் அல்ல. அவள் அப்படி.

தீர்த்தம்மாள் யெகோவாவின் சாட்சிகள் என்கிற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள். பத்து வருடத்துக்கு முன்னால் நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக் கதவை இரண்டு பெண்கள் தட்டினார்கள். கையில் பையும் குடையும் இருந்ததால் தண்ணீர் ஃபில்டர் விற்க வந்தவர்கள் என்று நினைத்து, நான்தான் உள்ளே அவள் இருக்கிறாள், போய்ப் பேசுங்கள் என்று அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனேன். நான் போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எரிந்த மோட்டார் வாசலில் காத்துக் கிடக்கும்போது சாமி விசாரணைக்கு எனக்கு ஏது நேரம். திரும்பிப் பார்த்தபோது அவள் அவர்களோடு சேர்ந்திருந்தாள். நான் முனியப்பனுக்குப் பொங்கல் வைப்பேன், அவள் அவர்கள் சபைக்குப் போவாள். ஆட்டு ரத்தம் வறுப்பதை விட்டாள். அதோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. மனுச ரத்தமும் ஆகாது, உயிரே போனாலும் ஏற்றக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி என்று, சிறுநீரகத்தில் கட்டி வந்த பிறகுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

சேலம் போனோம், பெங்களூரு போனோம். ஸ்கேன் படத்தைப் பார்க்கிற வரைக்கும் எல்லா டாக்டரும் அன்பாகத்தான் பேசினார்கள். ரத்தம் வேண்டாம் என்று இவள் வாயைத் திறந்ததும் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். ஒருத்தர் என்னைப் பார்த்து, “நீங்க புருசன்தானே, எடுத்துச் சொல்லக் கூடாதா?” என்றார். எடுத்துச் சொல்லாமலா இருந்தேன்? கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். அவள் எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு ஜெபம் பண்ணப் போய்விட்டாள்.

கடைசியில் தருமபுரியிலேயே டாக்டர் சுசித்ரா ஒப்புக்கொண்டார். நடுவயதுக்காரர், தூங்காத கண். “முதல்ல மருந்துலயே அவங்க ரத்தத்த நல்லா ஊற வெச்சுக்குவோம், அப்பறம் அறுப்போம். மெதுவா, ஒவ்வொரு ரத்தக் குழாயா கட்டிக் கட்டிப் பண்ணுவேன். ஆனா மீறிப் போச்சுன்னா என் கையில ஒண்ணும் கெடையாது. தெரிஞ்சுக்கங்க,” என்றார். வாரக்கணக்கில் இரும்புச்சத்து ஊசி, ரத்தம் ஊறுவதற்கு ஒரு ஊசி, மாத்திரை, முருங்கைக்கீரை. டீ குடிக்கக் கூடாது, சாப்பாட்டில் இருக்கும் இரும்பை அது உடம்பில் சேரவிடாது என்று அதையும் நிறுத்தினார். எட்டில் இருந்த ஹீமோகுளோபின் பதின்மூன்றுக்கு வந்தது.

தனியாக ஒருநாள் அவரிடம் கேட்டேன். “மயக்கத்துல இருக்கும்போது ஏத்திட்டா அவளுக்கு எப்படி மேடம் தெரியும்?”

“எனக்குத் தெரியுமில்லீங்க,” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆசை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்த நிலைமையில்தான், ஆபரேசனுக்கு முந்தின நாள், சென்னப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்.

அவர் வந்ததே பெரிய விசயம். எட்டு வருடத்துக்கு முன்னால் என் மகள் கோகிலவாணி வயசுக்கு வந்தபோது, தாய்மாமன் சீர் என்று பித்தளைத் தாம்பாளம், பட்டுப்பாவாடை, பழம், இனிப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு இதே மாதிரி ஒரு வண்டியில் ஆள் கூட்டி வந்தார். தீர்த்தம்மாள் வாசலில் நின்று, சடங்கு எதுவும் செய்யமாட்டோம், சீர் வாங்க முடியாது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். தாய்மாமனுக்கு அதைவிட ஒரு செருப்படி உண்டா? தாம்பாளத்தை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். அன்றைக்குக் குடிக்க ஆரம்பித்தவர் பிறகு நிறுத்தவே இல்லை என்று ஏரியூர்ப் பக்கம் சொல்வார்கள். அதற்கு முன்பும் குடிப்பார்தான். ஆனாலும் அந்தப் பழி இவள்மேல் விழுந்தது.

வார்டுக்குக் கூட்டிப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் அண்ணனைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அவர் அழவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டே பேசினார்.

“ஒரு மாசமா தொடல பாப்பா. குடிச்சவன் ரத்தம் எடுக்கமாட்டாங்கன்னு சொன்னாங்க. உனக்கு ஆபரேசன்னு சந்தையில காதுல விழுந்த அன்னிக்கே நிறுத்திட்டேன். உன் ரத்தமும் என் ரத்தமும் ஒரே குரூப்பு. எத்தன வேணுமோ எடுத்துக்கச் சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இதை நான் சொல்லமாட்டேன், நீயே சொல்லு என்றுதான் நினைத்தேன். எனக்கும் கோபம் இருக்காதா?

“அண்ணா, நான் ரத்தம் ஏத்திக்க மாட்டன். உன்னுதுன்னு இல்ல. யாருதும் வேண்டாம். ரத்தத்துக்கு வெலகி இருக்கணும்னு வேதத்துல இருக்குது.”

சென்னப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சுருட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். “சீரத்தான் வேண்டாம்னு சொன்ன. கூடப் பொறந்தவன் ரத்தமும் வேண்டாமா?” என்றார். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. சத்தமே இல்லாமல் கேட்டார்.

கீழே வந்து ஆட்களுக்கெல்லாம் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வண்டி கிளம்பும்போது அவரையும் ஏறச் சொன்னார்கள். “நீங்க போங்கடா,” என்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆபரேசன் அன்றைக்குக் காலையில் உள்ளே போனவள் வெளியே வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவர்கள் சபையிலிருந்து ரஞ்சித்குமார் என்பவர் டை கட்டிக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க எரிந்தது. டாக்டர் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்று சொன்னார். கட்டி பெரிய ரத்தக் குழாயோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. முழுசாக எடுத்தாகிவிட்டது. ஆனால் ரத்தம் போய்விட்டது. பதின்மூன்று நாலரைக்கு வந்துவிட்டது.

“இனிமே அவங்க ஒடம்புதான் ஊற வெக்கணும். அதுவரைக்கும் ஆக்சிஜன் குடுத்து அசையாம படுக்க வெக்கறது, ஊசி போடறது, இவ்வளவுதான் என்னால முடியும். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது. டெஸ்டு டெஸ்டுன்னு தெனமும் எடுக்கறமே, இந்த நெலமையில அதுவே நஷ்டம். நான் சொன்னா ஒழிய யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

நான் அதைக் கேட்டேன், அவ்வளவுதான். சென்னப்பன் அதைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலில் முள் குத்தினால்கூடத் துடைக்காத மனிதர், தங்கையின் ரத்தத்துக்குக் காவல் நின்றார். லேப்காரர் வீரமணி வழக்கப்படி எல்லா அறைக்கும் போவதுபோல டிரேயைத் தூக்கிக்கொண்டு இங்கேயும் வந்தார். “ஊசிய எடுத்துட்டு ஓடு. அவகிட்ட ஒரு சொட்டு எடுத்தே, நடக்கறதே வேற,” என்று இவர் எழுந்த வேகத்தில் டிரேயிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. அடுத்த நாளும் இதே கூத்து. நர்ஸ் கவிப்பிரியா ஊசி போட வந்தால், அது உள்ளே போகிற ஊசியா, வெளியே எடுக்கிற ஊசியா என்று கேட்டுத்தான் விடுவார். எனக்கு ஒரு பக்கம் மானம் போனது. இன்னொரு பக்கம், இந்த ஆள் இருப்பதால்தான் நான் கொஞ்சம் கண்ணை மூட முடிந்தது.

தீர்த்தம்மாள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. பேசினால் மூச்சு வாங்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாமியோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உனக்காகத்தானே இவள் இப்படிக் கிடக்கிறாள், நீ எங்கே போய்விட்டாய் என்று கேட்டேன். சண்டை போடவும் தெம்பில்லாமல் அதையும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு காலை, நான் குளித்துவிட்டு வரக் கீழே போயிருந்தேன். திரும்பி வரும்போது கவிப்பிரியா படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணா, ரிசல்ட் வந்துருச்சு. பதிமூணு புள்ளி எட்டு!”

படியிலேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல். அறைக்கு ஓடி, “தீர்த்தா, ஏறிருச்சுடி, ஏறிருச்சு,” என்றேன். அவள் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. நன்றி சொல்கிறாள் என்று தெரிந்தது. சொல்லிக்கொள்ளட்டும், நானும் வேண்டுமானால் சொல்கிறேன் என்றிருந்தது எனக்கு. சென்னப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு ஏறிவிட்டதால் எழுந்து உட்காரலாம், ரொம்ப நாள் படுத்தே கிடக்கக் கூடாது என்று கவிப்பிரியா அவளைத் தூக்கினார். உட்கார்ந்தாள். காலைத் தரையில் ஊன்றி நின்றாள். நின்றவளுக்கு விழி மேலே சொருகியது. நான் நீட்டிய கைக்கு முன்னால் சென்னப்பன் பாய்ந்து அவளைத் தாங்கிவிட்டார். இல்லாவிட்டால் தையலோடு தரையில் விழுந்திருப்பாள்.

டாக்டர் ஓடி வந்தார். படுக்கவைத்து ஆக்சிஜனை மறுபடி மாட்டி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ஒரு துளி சிவப்பு இல்லை.

“பதிமூணா? இது இவங்க ரத்தமே இல்ல. யாருடையத எடுத்தீங்க?”

வீரமணியைக் கூப்பிட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து சென்னப்பன் சொன்னார், “என்னுதுங்க மேடம்.”

நடந்தது இதுதான். நாலாவது நாளில் ஒரே ஒரு டெஸ்டு வேண்டும், குழந்தைகளுக்கு எடுக்கிற சின்ன ட்யூபில் எடுத்து வா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீரமணி தீர்த்தம்மாள் பெயர் ஒட்டிய ட்யூபோடு வந்திருக்கிறார். கூட வேலை செய்கிறவர் லீவில் போனதால் இரண்டு பேர் வேலையையும் இழுத்து, வீட்டுக்கே போகாமல் கிடந்த மனிதர். சென்னப்பன் வழியை விடவில்லை. டெஸ்டு எடுத்தே ஆகவேண்டும் என்று அவர் சொன்னதும், “சரி, எங்கிட்ட எடுத்துக்க. ஒரே வயித்துல பொறந்தவங்க, ரெண்டும் ஒரே ரத்தந்தான்,” என்று சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டிவிட்டார்.

“அது தப்புன்னு எனக்குத் தெரியாமயாங்க மேடம்? தூக்கக் கலக்கத்துல நீட்டுன கையில குத்திட்டேன். மறுபடி சண்ட போட ஒடம்புல தெம்பில்லைங்க,” என்றார் வீரமணி. அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் திட்டவும் முடியவில்லை.

டாக்டர் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சென்னப்பன் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, ஒரே போர்ல இருந்து ரெண்டு தொட்டிக்குத் தண்ணி போவுது. உங்க தொட்டி நெறஞ்சிருக்குன்னா அவங்க தொட்டியும் நெறஞ்சிருக்குன்னு அர்த்தமா? அவங்க தொட்டியில அடியில கொஞ்சந்தான் கெடக்குது. இது நெஜம்னு நம்பி நான் மருந்த நிறுத்தியிருந்தா?”

சென்னப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. “நல்ல ரத்தந்தானேன்னு… அவகிட்ட எடுக்காம இருந்தா போதும்னு நெனச்சேனுங்க. நானே கொன்னுருப்பேன்,” என்றார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. ரத்தம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது வராத அழுகை இப்போது வந்தது.

ஆக்சிஜன் மாஸ்குக்குள்ளிருந்து ஏதோ சத்தம் கேட்டது. மூச்சு முட்டுகிறதோ என்று பதறிப்போய்ப் பார்த்தேன். தீர்த்தம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். தையல் இழுக்க இழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாஸ்கை விலக்கி, “உன் ரத்தத்துக்கு நான் யெகோவாகிட்ட நன்றி சொல்லிட்டேனே அண்ணா,” என்றாள். அதைச் சொல்வதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினாள்.

பிறகு கையை நீட்டினாள். “எடுத்துக்கங்க. அண்ணா, நீ வந்து கையப் புடிச்சுக்க.”

டாக்டர் வீரமணியை மறுபடி உள்ளே கூப்பிட்டார். சென்னப்பன் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். எட்டு வருடத்துக்குப் பிறகு அண்ணன் அந்தக் கையைத் தொடுகிறார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. என் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத அந்த ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் கொஞ்சம் சிவப்பு ஏறியதுமே, “போதுங்க, போதுங்க,” என்று வீரமணியிடம் கெஞ்சினார்.

இந்த முறை டாக்டரே பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நாலு புள்ளி ஒம்போது,” என்றார். “எறங்கறது நின்னுருச்சு. ஊற ஆரம்பிச்சிருக்குது. இனி இன்னொரு நாலு நாளைக்கு யாரும் தொடமாட்டாங்க.”

அந்தப் பதின்மூன்றுக்கு நான் அழுத அழுகையை நினைத்தால் இந்த நாலு புள்ளி ஒன்பதுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. முதுகு முழுக்க வலிப்பது மட்டும் தெரிந்தது.

மத்தியானம் சென்னப்பன் பையை எடுத்து மாட்டிக்கொண்டார். “அப்ப நான் கெளம்பறேன் மாப்ள. இனி எனக்கு இங்க என்ன வேல இருக்குது,” என்றார். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் எந்தக் கடை இருக்கிறது என்று எனக்கும் தெரியும், கட்டிலில் படுத்திருந்தவளுக்கும் தெரியும். குடிக்காமல் இருந்ததே கொடுப்பதற்காகத்தான். வாங்கிக்கொள்ள இனி ஆள் இல்லை.

“அண்ணா,” என்றாள்.

“சொல்லு பாப்பா.”

“அந்த ட்யூப்புல என் பேரத்தான ஒட்டியிருந்தாங்க?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“அப்ப அது என் பேருல இருக்கற ரத்தம். என்னால ஏத்திக்க முடியாது. நீதான் எனக்காக வெச்சிருக்கணும். அதுல சாராயத்த ஊத்திராத.”

அதற்கு மேல் பேச அவளுக்கு மூச்சு இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். சென்னப்பன் தோளிலிருந்த பையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு வாசலில் உட்கார்ந்தார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கீழே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் டீ வாங்கி வந்தேன். சென்னப்பன் டம்ளரை வாங்கவில்லை.

“அவளுக்கு டீ கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே மாப்ள,” என்றார். “அப்ப நான் குடிக்கலாமா?”